யாருக்கு எதில் ஆர்வம்

ஆகஸ்ட் 27
மாவு அரைத்தாயிற்று. பால் அரை லிட்டர் குறைவு, நாளை கேட்க வேண்டும்.
நேற்றுக் கிருத்திகை. முருகன் மலையில் இருநூறாவது படி தாண்டியதும் இவர் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டு. போன மாதம் ஆடிக் கிருத்திகையிலும் இப்படித்தான். அன்று கூட்ட நெரிசல் என்று நினைத்தோம். நேற்றுக் கூட்டமே இல்லையே?

செப்டம்பர் 4
அரக்கோணத்தில் ரயிலேறி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகள் சினேகா செல்போனில் முன்பே பார்த்துவிட்டாள். “ஒவ்வொரு டாக்டருக்கும் எந்த ஆராய்ச்சில ஆர்வம்னு போட்டிருக்காங்கம்மா.” எந்தச் சன்னதியில் என்ன வரம் என்று எழுதி வைத்ததுபோல இருந்தது.
காது டாக்டருக்கு இரைச்சலில் ஆர்வம். முப்பது வருடமாகப் பவர்லூம் ஓட்டுகிறார் என்றதும் முகம் மலர்ந்து, மாணவர்களைக் கூப்பிட்டு இவரைக் காட்டினார். தூக்க டாக்டர் குறட்டை பற்றியே அரைமணி நேரம். சர்க்கரை டாக்டருக்கு ஆறாத கால்புண்ணில். பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “புண்ணே இல்லியே” என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். இருதய டாக்டர் ஹரிஹரனுக்குத் துடிப்பு தவறுவதில். நெஞ்சில் சின்ன மெஷின் வைக்க வேண்டியிருக்கலாமாம்.
இவர் சாப்பாட்டையும் மாத்திரையையும் தினமும் எழுதும் நோட்டைப் பிரித்தேன். “அதெல்லாம் நாங்க கேட்டுக்கறோம்மா” என்றார் ஹரிஹரன். கேட்கவில்லை.

செப்டம்பர் 22
கிருத்திகை. போகாதீங்க என்றேன். கேட்டால்தானே. கோயில் வாசலில் மயங்கி விழுந்தார். நெற்றியில் மூன்று தையல்.

செப்டம்பர் 25
மெஷினுக்கு அக்டோபர் 24 என்று ஹரிஹரன் தேதி கொடுத்துவிட்டார். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “அப்புறம் தறி ஓட்டலாங்களா?” என்றார். பார்க்கலாம் என்றார் டாக்டர்.

செப்டம்பர் 26
பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாவதோடு சரி. இங்கிலீஷ் எழுத்தை மாத்திரை அட்டையில் கற்றேன். ஆனாலும் என் நோட்டில் கட்டம் தவறாது: என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை.
மூன்று மயக்கத்தையும் தேடினேன். மூன்று நாளும் சாப்பாட்டுக் கட்டத்தில் சுழி. விரதம். பக்கத்துக் கட்டத்தில் சர்க்கரை மாத்திரை, டிக். ஆனியில் மாற்றிக் கொடுத்த புது மாத்திரை. வேளை தவறக்கூடாதுன்னு சொன்னாங்களேன்னு தீர்த்தத்தோட நான்தான் குடுத்தேன். மாத்திரை விரதத்துல சேராதுன்னு எனக்கு நானே சொல்லிக்கினு — முருகா, நானா? என் கையாலயா?

செப்டம்பர் 30
நோட்டோடு போனேன். “சர்க்கரை என் பிரிவு இல்லிங்க” என்றார் ஹரிஹரன். சர்க்கரை டாக்டர், “கால்ல ஏதாச்சும் வந்தா வாங்க.”
ரத்தம் எடுக்கும் நர்ஸ் ஷோபனாதான் உட்கார்ந்து படித்தது. “ஏம்மா, வெறும் வயித்துல இந்த மாத்திரையைப் போட்டா மலை ஏற முடியுமா? தரையில நடந்தாலே தள்ளும்.” நோட்டைப் பிடுங்கிப் போய் ஹரிஹரன் மேஜையில் விரித்து வைத்தாள். அவர் வெகுநேரம் படித்தார். “மெஷினைத் தள்ளி வைப்போம். அடுத்த கிருத்திகைக்குச் சாப்பிட வைங்க.”

அக்டோபர் 19
கிருத்திகை. தட்டில் நாலு இட்லி வைத்தேன்.
“முருகன் முன்னாடி எந்த மூஞ்சியோட நிக்கறது?”
“இட்லி தின்ன மூஞ்சியோட.”
இவர் விரதத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினார். எங்கும் உட்காரவில்லை.

அக்டோபர் 24
மெஷின் இல்லை. தறிக்குப் போனார்.

நவம்பர் 6
சினேகா செல்போனைக் காட்டினாள். ஹரிஹரன் பெயருக்குக் கீழே புது வரி: விரதகால மயக்கம். பிற்பகல் அவர் அலுவலகத்திலிருந்து ஃபோன். நோட்டு வேண்டுமாம். “சார் ஒரே ஒரு கிருத்திகை பழையபடி விரதம் இருப்பாரா? ஆராய்ச்சிக்குத்தான்.”
“அவருக்கு அதுல ஆர்வம் இல்லிங்க” என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 16
கிருத்திகை. சேர்ந்தே ஏறினோம். இருநூறாவது படியில் எனக்குத்தான் கண் இருட்டியது. உட்கார்ந்துவிட்டேன். இவர் விசிறிக்கொண்டே குனிந்தார்.
“வள்ளி, காலைல இன்னா சாப்ட்ட?”
நாலு டாக்டர்கள் கேட்காததை இவர் கேட்டார். பதில் சொல்வதற்குள் மடியில் இட்லிப் பொட்டலம்.
என் சாப்பாட்டுக் கட்டத்தில் இன்று: இட்லி, இரண்டு.