பிரபுவின் ஊர்வலத்தில் நான் மண்டியிட்டது

டோக்கியோ

அன்புள்ள அப்பாவுக்கு,

சிசுரு வணங்கி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் இடுப்பு வலி தேவலையா?

எங்கள் கார்ட்டூன் படத்தில் பழங்காலத்துப் பிரபு ஒருவர் ஊர்வலம் வருகிறார். வழியோரக் குடியானவர்கள் நாற்பது பேரையும் நான் நிற்கவைத்து வரைந்துவிட்டேன். வரலாற்றுப் பிழை பார்க்கும் குசுமி ஐயா, "பிரபு வர்றப்ப இப்படி நின்னா தலை இருக்குமாம்மா? எல்லாரையும் மண்டி போட வை!" என்று கத்தினார்.

எப்படி வரைவதென்று பார்க்க நானே தரையில் நெற்றி பட மண்டியிட்டேன். அந்நேரம் இயக்குநர் உள்ளே வந்தார்.

"சரி சரி, எழுந்திரும்மா. உன்னை வேலைய விட்டு அனுப்பல."

அனுப்புவதாக இருந்தார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

பிளம் ஊறுகாய் அனுப்புங்கள். பொட்டலத்துக்குள் உங்கள் கையால் நாலு வரி எழுதிப் போடுங்கள். ஊரில் மழை என்று மட்டும் இருந்தாலும் போதும். கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
சிசுரு