வெண்டலிடம் நீ போனில் கேட்டது

டொலிடோ
ஜனவரி 31, சனிக்கிழமை காலை

அன்புள்ள டெரக்,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அந்த ஆரிகன் மழையில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், ஏனென்றால் ஞாயிறு தவறாமல் எனக்கு வரும் போன் இரண்டு வாரமாக வரவில்லை. நேற்று அப்பாவின் போனுக்குப் பேசினாய், அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்று அவர் கேட்டதும் மீட்டிங் என்று சொல்லி வைத்துவிட்டாய். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதனால்தான் கடிதம். போனில் என்றால் பேச்சை மாற்றிவிடுவாய், உனக்கு அது கைவந்த வேலை, காகிதத்திடம் அது நடக்காது.

இங்கே பனி முழங்கால் உயரம் கொட்டிக் கிடக்கிறது. அப்பா முட்டி வலியோடு மண்வாரியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், சொன்னால் கேட்பதில்லை. டாக்டர் சாஸேஜ் தொடக்கூடாது என்றார், இவர் கார் ஷெட்டில் பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துத் தின்கிறார், வீட்டுக்குள் வரும்போது வாயெல்லாம் பூண்டு வாசனை, எனக்குத் தெரியாது என்று நினைப்பு. உன் அக்கா பாட்ரிஸின் சின்னதுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, பார்க்கிறவர்களையெல்லாம் கடிக்கிறது. போன வாரம் பாதிரியாரின் விரலைக் கடித்துவிட்டது, அவர் சிரித்துக்கொண்டே ஆசீர்வாதம் பண்ணினார்.

இனி நம் ஹெரான்ஸ் ஃபுட்பால் கிளப் கதைக்கு வருகிறேன். கதையா அது, குமட்டல். பதினேழு ஆட்டத்தில் பன்னிரண்டு தோற்றால் தலைமைக் கோச்சை அனுப்பத்தான் செய்வார்கள், அதில் எனக்கு ஒன்றும் இல்லை, இருபத்தாறு வருஷமாகக் கிளப் தையலறையில் உட்கார்ந்து ஆறு பேரை வழியனுப்பியிருக்கிறேன். ஆனால் இந்தப் புது ஆள் ப்ரைஸ் கேலவே, முப்பத்தாறு வயசு, பல் விளக்கு மாதிரி இருக்கிறது, வந்த முதல் நாள் எங்கள் எல்லோரையும், சலவைக்காரர்கள் சமையல்காரர்கள் உட்பட, ஒரு கூடத்தில் நிறுத்தி இது ஒரு குடும்பம், குடும்பம் என்று சொன்னான் பார், உடுப்பு அறை மெர்ல் எண்ணினார், பதினொரு தடவை. அந்த வாரம் முடிவதற்குள் குடும்பத்தில் ஒன்பது பேர் வாசலுக்கு வெளியே. லாக்கர் அறையில் பையன்கள் டாமினோ ஆடுகிற மேஜையைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கே செடி வைத்திருக்கிறார்கள், பிளாஸ்டிக் செடி. நான் உட்கார்ந்து ஜெர்சி முதுகிலிருந்து பெயர்களைப் பிரிக்கிறேன், ஒன்றுக்கு நாலு நிமிஷம், ஒரு வாளி நிறைய வெள்ளை எழுத்து. பெயரைத் தைக்கும்போது இல்லாத அவசரம் பிரிக்கும்போது மட்டும் இவர்களுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ.

வெண்டல் டிப்ஸை மட்டும் தொடமாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னோம். பதினான்கு வருஷமாக, எதிராளியைத் தடுக்கிற முன்வரிசைக்குக் கோச், நாலு தலைமைக் கோச்சுகளைத் தாண்டி நின்றவர். தோற்ற வருஷத்திலும் அவருடைய ஐந்து தடியன்களும் ஒழுங்காகத்தான் தடுத்தார்கள். கேலவே அவர் தோளில் கை போட்டு, "மிஸ்டர் டிப்ஸ், நீங்க இல்லாம நான் இங்க என்னத்தக் கிழிக்கப் போறேன்? உங்க பசங்க ஒவ்வொருத்தனைப் பத்தியும் விவரமா எழுதிக் குடுங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே கட்டுவோம்" என்றானாம். அந்த மனுஷன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பத்து நாள் ஆட்டப் படம் ஓட்டுகிற அறையில் அடைந்து கிடந்து எழுதினார், எவன் காலை எப்படி வைப்பான், எவனுக்கு எந்தப் பக்கம் பலவீனம், எவனிடம் கத்தினால் வேலை நடக்கும், எவனிடம் கத்தக்கூடாது என்பது வரைக்கும். வியாழக்கிழமை கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு நன்றி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாறைப் பிழிந்துகொண்டு சக்கையைத் தூக்கிப் போடுவது என்றால் இதுதான். அதைச் செய்த வாயால் அன்று மத்தியானமே மறுபடி குடும்பம் என்றான்.

ஆனால் டெரக், இந்தக் கடிதம் கேலவேயைப் பற்றியது இல்லை. அவன் எவளோ பெற்ற பிள்ளை, அவனை அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த வெள்ளிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மெர்ல் என்னிடம் ஒரு கட்டு காகிதம் கொண்டுவந்து கொடுத்தார், புதுக் கோச்சுகள் பதினைந்து பேருக்குக் குளிர்காலக் கோட், நெஞ்சில் பெயர் போட வேண்டும் என்று. ஒவ்வொருவரும் அளவு எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு. மெர்ல் முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தார், அப்போதே எனக்கு என்னவோ போல இருந்தது. வெண்டல் பெயர் அதில் இல்லை. முன்வரிசைக் கோச் என்ற இடத்தில் இருந்தது உன் பெயர். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா, பள்ளிக்கூட நோட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேதி அதற்கும் முந்தைய வியாழன். அதாவது வெண்டல் அறைக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே நீ அங்கிருந்தே கோட்டுக்கு அளவு எழுதி அனுப்பிவிட்டாய்.

முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் மகன் ஊருக்குத் திரும்பி வருகிறான், அதுவும் கோச்சாக. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் புதன்கிழமை வெண்டலே தையலறைக்கு வந்தார், கால்சட்டை ஜிப் போய்விட்டது என்று. ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து நாள் பூராவும் படம் பார்த்துக் கண் சிவந்துபோய், ஆனாலும் உற்சாகமாகப் பேசினார். "லொரேட்டா, உன் பையன் பத்து நாளா தினமும் சாயந்திரம் போன் பண்றான் தெரியுமா? நேத்தும் முக்கா மணி நேரம். ஒவ்வொரு பயலப் பத்தியும் குடைஞ்சு குடைஞ்சு கேக்குறான். இந்தக் காலத்துல எவன் இவ்வளவு அக்கறையாக் கேக்குறான் சொல்லு" என்றார். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம நடு ஆட்டக்காரன் லாட்டிமருக்கு தோள்பட்டையிலேருந்து இடது கை மரத்துப் போகுது. மார்ச்ல தன் காசுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு கோடைக்குள்ள திரும்பிருவான். அதை நான் ரிப்போர்ட்ல எழுதல, எழுதவும் மாட்டேன். டெரக் கிட்ட மட்டும்தான் சொன்னேன், அவன் நம்ம வீட்டுப் பையன்" என்றார். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். உன் பெயர் எழுதின சீட்டு அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் துணிக்கு அடியில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். அந்த ரிப்போர்ட்டை எழுதாதீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜிப்பைத் தைத்துக் கொடுத்தேன், நன்றி சொல்லிவிட்டுப் போனார். என் மேலேயே எனக்கு இருக்கிற அருவருப்பை இந்தக் காகிதத்தில் எழுதி முடியாது, அதையும் தெரிந்துகொள், உன்னை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்காதே.

வெண்டல் வெள்ளிக்கிழமை போனாரா, திங்கட்கிழமை க்வின்சி லாட்டிமரைக் கூப்பிட்டு இடது கை நரம்பை மட்டும் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். உடம்பில் எத்தனையோ இடம் இருக்க நேராக அங்கே. செவ்வாய்க்கிழமை உடல் தகுதி இல்லை என்று ஒரு வரியில் அனுப்பிவிட்டார்கள், அது பேப்பரிலும் வந்துவிட்டது. பதினொரு வருஷம் நடுவில் குனிந்து பந்தைப் பின்னால் கொடுத்தவன், இனி எந்தக் கிளப்பும் அவனைத் தொடாது. அந்தக் கையோடு அவன் ஆடாமல் இருப்பதே அவனுக்கு நல்லது என்று நீ சொல்வாய். இருக்கலாம், நான் டாக்டர் இல்லை. அப்படி என்றால் அதை அவன் முகத்தைப் பார்த்து நீ சொல்லியிருக்க வேண்டும். வெண்டலிடம் வாங்கி கேலவேயிடம் விற்றிருக்கக் கூடாது. தெரிந்தவர்கள் அவன் பெண்டாட்டி, வெண்டல், நீ, நான். நான் வாய் திறக்கவில்லை.

நேற்று முன்தினம் வியாழக்கிழமை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாமான் எடுக்க வந்துவிட்டார்கள். என் அறை வாசலில்தான், நடைவழியில், நேருக்கு நேர். லாட்டிமர் பெட்டியைக் கீழே வைத்தான். அவன் கத்துவான் என்று பார்த்தேன், கத்தவில்லை. "கோச், என் கை விஷயம் என் பொண்டாட்டிக்கும் உங்களுக்கும்தான் தெரியும். அவ சொல்லல" என்றான். அந்த நிமிஷத்தில்தான் வெண்டலுக்கே புரிந்தது என்று நினைக்கிறேன். கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் உன் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துவிட்டு அவனிடம் திரும்பி, "என் வாயிலேருந்துதான்பா போச்சு. மன்னிச்சிரு" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை டெரக். நான் நிற்கிறேன் என்பதற்காகச் சொல்லவில்லை. லாட்டிமர், "ஈஸ்டருக்கு எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க கோச், புள்ளைங்க கேட்டா நான் ஏதாவது சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து "வரேன் மிஸ் லொரேட்டா" என்று மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். நான் மரம் மாதிரி நின்றேன். வெண்டல், "இன்னொரு அட்டைப்பெட்டி இருக்கா?" என்று கேட்டார், அவ்வளவுதான். பெட்டி கொடுத்தேன்.

ஆரிகனில் உன்னைக் கோச்சாக எடுத்தபோது உனக்காகப் பேசினது யார் என்று நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. நவம்பரில் நம் மேஜையில் உட்கார்ந்து, வெண்டல் மனைவி ஓடெட் கொண்டுவந்த சர்க்கரைவள்ளி இனிப்பில் மூன்று துண்டு தின்றாய். வேலையை நீ எடுத்துக்கொண்டதற்கு நான் கோபப்படவில்லை, அது இந்தத் தொழிலில் நடக்கிறது, ஒருவன் நாற்காலி சூடு ஆறுவதற்குள் இன்னொருவன் உட்காருகிறான், அவரே ஒருநாள் அப்படித்தான் வந்திருப்பார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடமே தினமும் போன் பண்ணி, நலம் விசாரித்து, அவர் மனசில் இருப்பதையெல்லாம் உருவிக்கொண்டு, அதை வைத்தே அவர் பிள்ளை மாதிரி வளர்த்தவனை வெட்டுவது, அதை எந்தக் கோச்சிடம் கற்றுக்கொண்டாய்? இந்த வீட்டில் கற்கவில்லை. நினைத்தாலே வாயில் கசக்கிறது.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. நேற்று ரேடியோவில் உன் பெயர் வந்ததும் முட்டி வலியை மறந்து கூடத்தில் ஆடினார், தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், உன் அறையில் இருந்த தையல் மிஷினையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுக் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் சந்தோஷத்தை நான் கெடுக்கவில்லை, இன்னும்.

இப்போது நான் சொல்வதைக் கேள். லாட்டிமரின் போன் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நீயே அவனைக் கூப்பிட்டு, கோச் டிப்ஸ் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நான்தான் என்று சொல். திட்டுவான், வாங்கிக்கொள். அதற்கு அப்புறம் வெண்டலைக் கூப்பிடு, அவர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். கிளப்பில் உன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள், பையன்கள் உன் பேச்சைக் கேட்பார்களா என்பதெல்லாம் உன் பாடு. அடுத்த வாரம் ஞாயிறு வரை பொறுப்பேன். அதற்குள் நீ சொல்லாவிட்டால் திங்கட்கிழமை நானே லாட்டிமர் வீட்டுக் கதவைத் தட்டி, யார் சொன்னது என்று உன் பெயரை முழுசாகச் சொல்வேன், அன்றைக்கு நடைவழியில் வாயை மூடிக்கொண்டு நின்றது நான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். வீட்டுக்குத் திரும்பி வந்த உடனே அப்பாவிடமும் சொல்வேன்.

மற்றபடி வண்டி ஓட்டி வருவதாக இருந்தால் மலைப்பாதையில் பனி அதிகம், சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுக்கொள். வெறும் காப்பியைக் குடித்துக்கொண்டு ராப்பகலாக ஓட்டாதே, நின்று சூடாக ஏதாவது சாப்பிடு. கடவுள் உனக்கு நல்ல உடம்பைக் கொடுக்கட்டும், நாக்குக்குத் தைரியத்தையும் கொடுக்கட்டும், இந்த வாரம் உனக்கு அதுதான் அதிகம் வேண்டும். தினமும் உனக்காக ஜெபிக்கிறேன், இப்போதும் ஜெபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

லாட்டிமர் வீட்டில் பிள்ளைகள் ஏழு மணிக்குச் சாப்பிடுவார்கள், அதற்கு முன்னால் கூப்பிடு.

உன் அம்மா,
லொரேட்டா பிலார்ஸ்கி