பத்தொன்பது பெண்கள்

மார்ச் 2, திங்கள்

பேறுகால விடுப்பு முடிய இன்னும் இரண்டே வாரம். மாய்த்தேவுக்கு ஐந்து மாதம் நிரம்பிவிட்டது. அவள் அப்பன் வேலை தேடித் தெற்கே புந்தா அரீனாசுக்குப் போனவன் போனவன்தான். இங்கே சிலியின் தெற்கே, கெயோன் துறைமுகத்தில் குழந்தைகள் காப்பகத்துக்குக் கேட்கும் கட்டணம் என் சம்பளத்தில் பாதிக்கு மேல். வேலையை விட்டுவிடலாம் என்றே இருந்தேன். இன்று தடுப்பூசி போட்ட நர்ஸ் பேச்சுவாக்கில் கேட்டாள்: “உங்க ஆலையில இருபது பொம்பளைங்களாவது இருப்பீங்கல்ல? அப்ப ரெண்டு வயசு வரைக்கும் காப்பகத்துக்கு மொதலாளிதான் கட்டணும். சட்டமே இருக்கே.”

ஏழு வருடமாகச் சிப்பி உரிக்கிறேன். ஒருத்திகூடச் சொன்னதில்லையே! இருபதா? எங்கள் உடைமாற்றும் அறையில் நிற்க இடமிருக்காது.

மார்ச் 4, புதன்

ஆலை அலுவலகத்துக்குப் போனேன். பணியாளர் கணக்கைப் பார்க்கும் சிமேனா மேடம் கணினியைப் பார்த்தபடியே சொன்னார்: “நம்மகிட்ட பத்தொன்பது பொம்பளைங்கதான், யாஸ்னா.”

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வெளியே ஷிப்ட் விட்டு வந்துகொண்டிருந்தார்கள். பஸ் வரும்வரை பெண்களை மட்டும் எண்ணினேன். முப்பத்தொன்று வரை எண்ணினேன்.

மார்ச் 5

பத்தொன்பதாம். எனக்குக் கண் அவிந்தா போச்சு?

மார்ச் 7, சனி

என் பக்கத்தில் நின்று உரிக்கும் ஒரியேத்தா அக்கா குழந்தையைப் பார்க்க வந்தாள். உருளைக்கிழங்கு ரொட்டி கொண்டுவந்தாள். அவளுடைய சம்பளச் சீட்டையும் என்னுடையதையும் மேசையில் விரித்தோம். அவள் சீட்டில் ஒரு கம்பெனி பெயர். என் சீட்டில் வேறு பெயர்! ஒரே கொட்டகை, ஒரே நீராவி, சிப்பி நகர்ந்து வரும் ஒரே பெல்ட்.

“நான் எந்தக் காலத்துலடி மேல படிச்சேன்? கீழ இருக்குற தொகைய மட்டும் பாத்துட்டு மடிச்சு வெச்சிருவேன்” என்றாள்.

அவள் போனபின் பெட்டியைக் கிளறினேன். இரண்டாம் வருடம் என்னையே ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாற்றியிருக்கிறார்கள். அடியில் கையெழுத்து. யாருடையது? என்னுடையதேதான். எப்போது போட்டேன்? படிக்காமலா போட்டேன்?

மார்ச் 9, திங்கள்

ஆலை வாசலில் நின்று மற்றவர்களிடம் சம்பளச் சீட்டு கேட்டேன். பாதிப் பேர் முகம் கொடுக்கவில்லை. பேக்கிங்கில் புதிதாய்ச் சேர்ந்த நயாதெத், “அக்கா, என்னைய இழுத்துவிடாதீங்க” என்று கிட்டத்தட்ட ஓடினாள்.

மார்ச் 11, புதன்

நயாதெத் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை!

“புள்ள இருக்குன்னா சேத்துக்க மாட்டாங்கன்னு இல்லைன்னு சொல்லிட்டேன். பகல்ல ஒரு வீட்டுல விடுறேன். ஆறு புள்ளைங்க, ஒரு டிவி. நேத்து போனா, இவன் மூத்திரத்துலயே தூங்கிட்டிருக்கான்.”

சீட்டை நீட்டினாள். மூன்றாவது பெயர்.

பிள்ளையை வாங்கிக் குளிப்பாட்டினேன். வேறென்ன செய்ய?

மார்ச் 12

தொழிலாளர் ஆய்வு அலுவலகம். அக்காவும் நானும் பதினொரு சீட்டுகளை வரிசையாக வைத்தோம். மூன்று பெயர், ஒரே முகவரி, ஒரே மேலாளர் கையெழுத்து. எந்தப் பெயரிலும் இருபது பெண்கள் சேராதபடி எங்களைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கோர்ட்டுக்குப் போனா மாசக்கணக்காகும்மா. ஆனா திங்கக்கெழம நான் வந்து எண்ணிப் பாக்கலாம். அதுக்கு யாரையும் கேக்க வேணாம்.”

மார்ச் 16, திங்கள்

முதல் நாள் வேலை. மாய்த்தேவைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போனேன்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். பெல்ட்டை நிறுத்தச் சொன்னார். பகலில் அந்தச் சத்தம் நின்று நான் பார்த்ததே இல்லை. பெண்கள் எல்லோரும் சுவரோரம் நின்றோம். ஒவ்வொருவராக எண்ணினார்.

“நாப்பத்தி மூணு.”

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் நின்ற சிமேனா மேடம், “என்னையும் சேத்துக்கங்க சார். நாப்பத்தி நாலு. என் சீட்டு இன்னொரு பேர்ல இருக்கு. இந்தப் பட்டியலெல்லாம் எழுதினவ நான்தான்” என்றார்.

அவரா? அவரா சொன்னார்? இதை எழுதும்போதும் நம்ப முடியவில்லை.

மார்ச் 27

ஆலையிலிருந்து கடிதம் வந்தது. தவறு என்று ஒரு சொல் இல்லை. ‘நல்லெண்ணத்தின் பேரில்’ இரண்டு வயதுக்குட்பட்ட ஒன்பது குழந்தைகளின் காப்பகக் கட்டணத்தை ஏப்ரல் முதல் ஆலையே கட்டுமாம். ஒன்பதா! இத்தனை நாள் இந்தப் பிள்ளைகளை அம்மாக்கள் எங்கே ஒளித்துவைத்திருந்தார்கள்?

ஏப்ரல் 6, திங்கள்

காப்பகத்தில் விட்டேன். மாய்த்தே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் அழுதேன்.

பெல்ட்டில் எனக்கும் அக்காவுக்கும் நடுவே புது ஆள். வெள்ளை பூட்ஸ், பெரிய ஏப்ரன். தலை நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது – சிமேனா மேடம். ‘தற்காலிகமாக’ இறக்கிவிட்டிருக்கிறார்களாம். கட்டைவிரலில் அதற்குள் இரண்டு வெட்டு.

கத்தியை வாங்கி, திருப்பிப் பிடித்துக் காட்டினேன்.

“புள்ள அழுதாளா?” என்று மெல்லக் கேட்டார்.

“இல்ல மேடம்.”

அக்கா தன் கையுறையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.