பத்தாவது ஆள்

அன்பு மகள் சின்னுவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே நலமாக இருக்கிறோம். நம் வீட்டு ஃபிரிட்ஜ்தான் நலமாக இல்லை, ஊர் ஃபிரிட்ஜை எல்லாம் சரிசெய்கிறவர் வீட்டில் கதவுக்கு இன்னும் நாற்காலியைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனில் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்து அறையில் ஸ்க்ரூடிரைவரைக் கையிலும் காதை இங்கேயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதோடு, இந்த விஷயத்தை உனக்குப் போனில் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. கடிதத்தில் எழுதக்கூடாது என்று உத்தரவு ஏதும் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாய். இந்தத் தொற்றுநோய்க்குத் தடுப்பூசி போடுவது ஒரு நிமிஷ வேலை, அந்த மருந்து என் கைக்கு வந்து சேர்வதுதான் பெரும்பாடு. தொழிற்சாலையிலிருந்து விமானம் ஏறி, தலைநகரத்துக் கிடங்கில் இறங்கி, அங்கிருந்து மாவட்டக் கிடங்கு, அங்கிருந்து வேன், வேனிலிருந்து ஐஸ் அடுக்கிய பெட்டி என்று வருகிறது, நடுவில் எங்கேயும் சூடும் படக்கூடாது, உறைந்தும் போகக்கூடாது. நாளைக்கு எவ்வளவு வரும் என்று மாலைவரை டாக்டருக்கே தெரியாது. ஒரு வாரம் ஊரே வரிசையில் நிற்கும், மருந்து வராது. அடுத்த வாரம் மருந்து வந்து நிற்கும், ஆள் வராது. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும், மீந்தால் கொட்டவேண்டும், கொட்டினால் எந்த மையம் எவ்வளவு வீணாக்கியது என்று மேலிடத்தில் பட்டியல் போட்டு டாக்டரை வறுத்தெடுப்பார்கள், பாவம், அந்தப் பெண்ணுக்கு உன்னைவிடச் சின்ன வயசுதான் இருக்கும். அதனால் வேன் நிறைந்தால்தான் எடுப்பேன் என்கிற டிரைவர் மாதிரி, பத்துப் பேர் சேராமல் நான் குப்பியைத் திறப்பதில்லை. இது போதாதென்று கவுன்சிலர் தன் தெருக்காரர்களுக்குத்தான் முதல் டோக்கன் என்கிறார், எதிர்க்கட்சிக்காரர் அதை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார். வந்தவர்களைக் கேட்டால், யார் கொடுத்த டோக்கனாக இருந்தால் என்ன, எங்க நம்பர் எப்ப வரும் சிஸ்டர் என்கிறார்கள்.

உனக்கும் அப்பாவுக்கும் நடந்த சண்டையை நான் கிளறப் போவதில்லை, ஆனால் சொல்லாமலும் முடியாது. அவர் சாமி குத்தம் அது இது என்று பயந்து ஊசியை மறுத்தவர் இல்லை. வாழ்க்கை முழுக்கக் கெட்டுப்போன குளிர்பெட்டிகளையே பார்த்த மனுஷன், எந்தக் குளிர்பெட்டியையும் நம்பமாட்டார். "இத்தனை கை மாறி இத்தனை வண்டி ஏறி வர்ற சரக்கு, எங்கயாவது ஒரு எடத்துல கண்டிப்பா வெயில்ல நின்னிருக்கும்" என்பதுதான் அவர் வாதம். நீ அனுப்பிய கட்டுரைகளை எல்லாம் படித்தார், படித்துவிட்டு, "இதெல்லாம் எழுதினவன் எவனாவது ஒரு கம்ப்ரஸரைக் கழட்டிப் பாத்திருக்கானா" என்று கேட்டார். ஞாயிறு தவறாமல் அவருக்குப் போன் பண்ணுகிற நீயும் அவர் மகள்தானே, "போட்டுக்கிட்டேன்னு சொல்றதுக்கு மட்டும் இனிமே எனக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். உன் பக்கம்தான் நியாயம். அவர் நெஞ்சில் இருக்கிற இளைப்பு உனக்கும் எனக்கும் தெரியும், அந்த நோய் அவரிடம் வந்தால் அவர் தாங்கமாட்டார். நான் உனக்குச் சொல்லாத ஒன்றையும் இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கு முதல் வரிசையிலேயே ஊசி போட்டுவிட்டார்கள் என்றாலும், நாள் முழுக்க ஊர் ஜனங்களின் முகத்துக்கு நேரே நிற்கிறவள், எதையாவது வீட்டுக்குக் கொண்டுவந்து அவரிடம் விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் இத்தனை மாதமாக முன்பக்கத்துக் கடையறையில்தான் படுத்துக்கொள்கிறேன். சாப்பாடும் தனி. இடையில் இருப்பது ஒரு கதவுதான், ஆனால் அந்தப் பக்கம் அவர் இருமும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மையத்தைச் சுகாதார நிலையத்திலிருந்து எடுத்துப் பள்ளிக்கூட ஹாலுக்கு மாற்றினார்கள். தன் வீட்டுக்குப் பக்கத்து மண்டபம்தான் வேண்டும் என்று கவுன்சிலரும், அது கூடவே கூடாது என்று எதிர்க்கட்சிக்காரரும் மல்லுக்கட்டியதில் கடைசியில் பள்ளிக்கூடம் என்று முடிவானது. கவுன்சிலர் விட்டாரா, மறுநாளே ரிப்பன் வெட்டவேண்டும் என்று தன் ஆட்களை விட்டு மருந்து வைக்கிற ஃபிரிட்ஜை வேனில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்து, நிறுத்தின கையோடு பிளக்கையும் சொருகிவிட்டார்கள். அது இரண்டு தடவை உறுமிவிட்டு அடங்கிப்போனது. நல்லவேளை, மருந்தை நான் ஐஸ் பெட்டிகளிலேயே வைத்திருந்தேன், தெர்மாமீட்டரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஒரு குப்பிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாவைக் கூப்பிட்டார்கள். வந்தவர் முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கினார். "படுக்க வச்சுக் கொண்டாந்த பெட்டியில ஆயில் எல்லாம் குழாய்க்குள்ள போயிருக்கும், அது எறங்கற வரைக்கும் சும்மா நிக்கணும், மனுஷனைத் தூக்கத்துல இருந்து எழுப்பி ஓடுன்னா ஓடுவானா" என்று கவுன்சிலர் ஆட்களைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கிவிட்டு, மறுநாள் காலையில் வந்து கம்ப்ரஸரைக் கிளப்பிவிடுகிற ரிலே கருகிப்போயிருந்ததை மாற்றி ஓடவிட்டார். பழையபடி சத்தமில்லாமல் ஓடியது.

பெட்டி ஓடியது, ஊர் வாய் அதற்கு முன்னாலேயே ஓடிவிட்டது. ஃபிரிட்ஜ் கெட்டதால் மருந்தும் கெட்டுவிட்டது என்று எதிர்க்கட்சிக்காரர் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் வரிசையில் பாதி காணோம். டாக்டர் நாற்காலிமேல் ஏறி நின்று, மருந்து ஐஸ் பெட்டியில் பத்திரமாக இருந்தது, நானே பார்த்தேன் என்று தொண்டை வறளச் சொன்னார். கேட்டுக்கொண்டே கலைந்து போனார்கள். கடைசியில் மிஞ்சியது ஒன்பது பேர். கவுன்சிலர் தான் முன்னாலேயே போட்டுக்கொண்டதாகச் சொன்னார், அவருடைய உதவியாளருக்கு அப்போதுதான் வயிறு சரியில்லாமல் போனது. அந்த ஒன்பது பேரிலும் எங்கள் தெருமுனைப் பழக்கடைக்காரம்மா ஒரு காலை வாசலில் வைத்துக்கொண்டுதான் நின்றார். அவர் நேராக உன் அப்பாவிடம் போய், "கேரண்டி அண்ணே, நீங்கதானே பெட்டியைப் பாத்தீங்க, எல்லாம் சரியா இருக்கா" என்று கேட்டார். அந்தப் பட்டப்பெயர் உனக்குத் தெரிந்ததுதான், எந்த மெஷினுக்கும் கேரண்டி தரமாட்டேன் என்று சாதித்தே வாங்கிய பெயர். "பெட்டி சரியா இருக்கும்மா, மருந்துக்கும் ஒண்ணும் ஆகல, எங்க வீட்டம்மா அதுகிட்டயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா" என்றார். அந்த அம்மா விடவில்லை. "அப்ப நீங்க போட்டாச்சா?" என்று கேட்டார். மற்ற எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சின்னு, அந்தக் கேள்விக்கு அவர் பொய் சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நான்கூட, ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடட்டும் என்றுதான் நினைத்தேன். அவர் ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டார், பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த தெர்மாமீட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினார். பிறகு, "மெஷினுக்கு நான் கேரண்டி குடுக்கறதில்லம்மா, நான் செஞ்ச வேலைக்குக் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டு நேரே வந்து என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள், நான் குப்பியைத் திறந்தேன். எத்தனை ஆயிரம் பேருக்குப் போட்டவள், அன்றைக்கு ஒரே இடத்தைப் பஞ்சால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் அத்தனை பேருக்கு முன்னால், "என்ன சிஸ்டர், எத்தனை தடவை துடைப்பீங்க, வேலைக்குப் புதுசா?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு கையைத் தளர்த்துங்கள் என்று நானும் எல்லோரிடமும் சொல்கிற மாதிரியே சொன்னேன். ஊசி இறங்கியபோது எனக்குத்தான் கண்ணீர் வந்தது, முகக்கவசத்துக்குள் போய்விட்டதால் யாரும் பார்க்கவில்லை. அடுத்ததாகப் பழக்கடைக்காரம்மா உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள், இன்னும் இரண்டு குப்பி திறந்தேன்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பார்த்தால் கடையறையில் என் படுக்கையைக் காணோம். மொத்தத்தையும் சுருட்டி உள்ளே கொண்டுபோய்ப் பழைய இடத்தில் விரித்து வைத்திருந்தார். இரண்டாவது ஊசியும் போட்டு அதற்குமேல் இரண்டு வாரம் ஆகட்டும், அவசரப்படாதீர்கள், பெட்டிகூடக் கொஞ்ச நேரம் சும்மா நின்ற பிறகுதானே ஓடியது என்றேன். அவர் பாயையும் போர்வையையும் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். தலையணையை மட்டும் தரவில்லை, அதற்குப் பதில் அவருடையதைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் லேசான காய்ச்சல் இருந்தது, இப்போது ஒன்றுமில்லை, கை வலிக்கிறது என்று சொல்லி வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார், அது நடிப்பு.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று ஏன் சொன்னார் என்று கேட்டுப் பார்த்தேன். "அவ மிரட்டினதுக்காகப் போட்டுக்கிட்டேன்னு நினைச்சுப்பா" என்றார். எங்கே பிடிவாதம் உற்பத்தியாகிறது என்று இந்த வீட்டில் தேடவே வேண்டாம். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே கண்ணு, நீயும் தோற்கவில்லை, விட்டுவிடு. முகக்கவசத்தைக் கழற்றாதே, உன் இரண்டாவது ஊசியைத் தள்ளிப்போடாதே, குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. உன் மூச்சும் மனசும் லேசாக இருந்து, நீ நினைத்ததெல்லாம் நடக்கவேண்டும் என்று வாழ்த்துகிறேன், அப்பாவின் வாழ்த்தும் இதில் சேர்த்திதான், அவரைக் கேட்காமலே சேர்த்திருக்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் பண்ணு. ஊசியைப் பற்றிக் கேட்காதே, பள்ளிக்கூடத்துப் பெட்டி எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேள், மீதியை அவரே சொல்வார். அவராக உனக்குப் பண்ணமாட்டார். ஆனால் நீ கூப்பிடாத ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடிந்ததும் போனை சார்ஜில் போட்டு, சத்தத்தை முழுசாகக் கூட்டி, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறார்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா