சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

நீங்கள் போய் ஆறு வருடம் ஆகிறது. எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். பத்து மாதம். மூக்கு உங்களுடையது என்கிறாள் அம்மா.

அவள் பிறந்த இரண்டாம் மாதத்திலிருந்து எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. பாளையங்கோட்டையில் கோர்ட் வேலைக்குப் போவேன், வருவேன், படுப்பேன். ஒருநாள் குழந்தை வீறிட்டு அழ, செருப்பை மாட்டிக்கொண்டு சீவலப்பேரி பஸ்ஸில் ஏறிப் போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டேன். தேடி வந்த என் மனைவி ஜாஸ்மின் திட்டவில்லை.

"இது கோவமில்ல. உங்களுக்கு உடம்புக்குச் சரியில்ல. நாளைக்கு டாக்டரப் பாப்போம்."

மனநல மருத்துவர், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். சொன்ன பிறகுதான் நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும், சட்டைகூட மாற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள். வாரக்கணக்கில் பேச்சு இராது. தங்கச்சியும் நானும் கிசுகிசுத்தே வளர்ந்தோம். எங்களை உங்களுக்குப் பிடிக்காது என்று முடிவு செய்திருந்தேன். மதுரைக்குப் படிக்கப் போனதும் அதனால்தான்.

நீங்கள் ஏன் அப்படிப் படுத்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அப்பா ஒருநாள் கேட்டாவ, 'என்னைய ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறியா'ன்னு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். பைத்தியம்னு ஊர்ல பேசுவாங்களே, பொம்பளப் பிள்ளைய எப்படிக் கட்டிக்குடுக்கன்னு பயந்துட்டேன்லே."

"பெறவு கேக்கலையா?"

"கேக்கவே இல்ல."

எத்தனை நாள் யோசித்துவிட்டு அதைக் கேட்டீர்கள் அப்பா? அவள் வேண்டாம் என்றதும் எங்கே போய் உட்கார்ந்தீர்கள்?

அடுத்த முறை மருத்துவரிடம் அம்மாவும் வந்தாள். அவர் கேட்காமலே, "இவன் அப்பாவுக்கும் இருந்திச்சு சார், நாந்தான் காட்டல" என்று சொல்லிவிட்டு அழுதாள். இந்தப் பேச்சை வெளியாள் முன்னால் அவள் எடுத்தது அதுதான் முதல் தடவை.

நான்கு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது. பிள்ளையைக் குளிப்பாட்டுவது இப்போது என் வேலை. சில நாள் பழையபடி கனக்கிறது. ஜாஸ்மினிடம் சொல்லிவிடுகிறேன்.

உங்கள்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனால் ஒன்று உறுதி. மறுபடி நான் இப்படிச் சுருண்டு படுத்தால், 'இது உன்னால் வந்ததில்லை' என்று என் மகளிடம் என் வாயாலேயே சொல்லிவிடுவேன்.

உங்கள் மூத்த பிள்ளை,
சாமுவேல்