அக்கா எழுதிய சொல் ‘அடிமை’

என் உயிரான அக்காவுக்கு,

நேற்று உன் முப்பத்தோராம் நாள் நினைவு. கதிரவெளி வீட்டு முற்றத்தில் பந்தல் இன்னும் கழற்றவில்லை. வந்த சனத்துக்குச் சாப்பாட்டில் ஒரு குறையுமில்லை. ஆனால் நான் பெரியப்பாவின் மகனான அண்ணனோடு சண்டை பிடித்துவிட்டேன்.

நீ தமிழாக்கிய அந்தக் கிரேக்கக் காவியப் பகுதியை உன் நினைவு மலரில் போட வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். ஊர் திரும்பிய அரசன் கொல்லச் சொல்ல, அவன் மகன் வீட்டு அடிமைப் பெண்களைக் கயிற்றில் தொங்கவிடும் இடம். அச்சாகி வந்த மலரை நேற்றுக் காலையில்தான் திறந்தேன். நீ ‘அடிமைப் பெண்கள்’ என்று எழுதிய இடமெல்லாம் ‘பணிப்பெண்கள்’!

உனக்கே இப்படிச் செய்யலாமா? குவைத்தில் ஒரு வீட்டில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, கதவைத் தாண்ட முடியாமல் வருசக்கணக்காகக் கிடந்தவள் நீ. அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்து எறிந்த ஆங்கிலக் கவிதைப் புத்தகமாகத்தான் காவியம் உன் கைக்கு வந்தது. ஊருக்கு வந்த பிறகு வேறொரு ஆங்கில மொழிபெயர்ப்பையும் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தாய். ஒன்றில் ‘மெய்ட்’, மற்றதில் ‘ஸ்லேவ்’. அன்றைக்கு என்ன கத்துக் கத்தினாய்!

“என்னகா இது, தங்கச்சி? ரெண்டும் ஓரசைச் சொல்லு. பாட்டுட ஓசைக்காக மாத்தின எண்டும் சொல்ல ஏலா. வேலைக்காரியெண்டா பிடிக்காட்டி விட்டுட்டுப் போகலாம். இவங்க எங்க போற?”

மலரைத் தொகுத்த அண்ணனிடம் நேரே போனேன்.

“ஆரு உங்கள மாத்தச் சொன்ன?”

“செத்த வீட்டுப் புத்தகத்தில அடிமை, அடிமை எண்டு கிடந்தா நல்லா இரிக்குமா? அவளும் அங்க அப்பிடித்தான் இருந்தாளாக்கும் எண்டு சனம் கதைக்காதா?”

“அக்கா அப்பிடித்தானே இருந்தா!”

பந்தலே திரும்பிப் பார்த்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். “முந்தி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பக்குள்ள, ஆஸ்பத்திரியில வெச்சு இந்தச் சொல்ல மாத்தட்டா எண்டு கேட்ட நான். அவள் ஓமெண்டு தலையாட்டின.”

அக்கா, ஆட்டினாயா? நோவிலா? இவரோடு மல்லுக்கட்ட இனி ஏலாது என்றா? என்னை ஒருதரம் கூப்பிட்டிருக்கக் கூடாதா? உன்னிலும் எனக்குக் கோபம்தான்.

பேச்சுகள் நடந்தபோது மைக்கை வாங்கி, உன் கையெழுத்தில் இருந்ததையே வாசித்தேன். ஒவ்வொரு ‘அடிமை’யையும் அழுத்திச் சொன்னேன். அண்ணன் எழும்பிப் போய்விட்டார். உன்னோடு ஒரே விமானத்தில் குவைத்துக்குப் போன யோகம், பனிச்சங்கேணியில் இருந்து வந்திருந்தாள். முடிந்ததும் கிட்ட வந்தாள்.

“அந்தப் பொம்பிளையள்ட பேர் இரிக்கா அதில?”

“முழுக் காவியத்திலயும் ஒருத்திக்குத்தான் பேர் இரிக்கு. மற்றவங்களுக்கு இல்ல.”

“அப்ப பாட்டு எழுதின ஆளும் அவங்கட பேரக் கேக்கல்ல” என்றாள். மலரைத் தான் இருந்த கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய் நீ?

மிஞ்சிய மலர்களையெல்லாம் என் அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஒன்றும் வெளியே போகாது. உன் சொல்லோடு திரும்ப அச்சடிப்பேன். யோகத்துக்கு முதல் பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். நீ உண்மையிலேயே தலையாட்டியிருந்தாலும் சரி, அந்தச் சொல்லை மாற்ற விடமாட்டேன்.

கோபம் ஆறாத உன் தங்கச்சி