வெயிலில் நட்ட ஓகோக் கொடி

அன்பு மகள் பிலோவாவுக்கு, நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் பெரியம்மா ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாள், எனக்கும் ஒரு வரி எழுதியிருந்தால் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டாம். எனக்கு முழங்கால் வலி தவிரக் குறையில்லை, பக்கத்து வீட்டில் உன் பெரியப்பா எஸோம்பா இருப்பதைக் குறையாகச் சேர்க்காவிட்டால்.

ஒபாலா சந்தையில் ஓகோக் இலை விடியும் முன்பே தீர்ந்துபோவதைப் பார்த்துவிட்டு, ஊர்ச் சங்கத் தலைவரான அவர் ஓகோக் தோட்டம் போடப்போவதாகச் சங்கக் கூட்டத்தில் அறிவித்தார். நான் எழுந்து, இது மர நிழலில் ஏறி வளரும் காட்டுக்கொடி, கீரைப்பாத்தி அல்ல, பைன் மரத்துக்குத் தூரத்து உறவு, அவசரப்படாத இனம் என்றேன். அவர் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்து, "கேட்டீங்களா, நாம திங்கிற இலை பைன் மரத்துக்குச் சொந்தமாம்! முகஜாடை இருக்கா பாருங்க! ஏன்டா தம்பி, உன்னை ஏன் கடைசி வரைக்கும் தலைமை ஆசிரியர் ஆக்கலன்னு இப்பத்தான்டா புரியுது" என்றார். என்னிடம் படித்தவர்களும் சிரித்தார்கள், பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். சொந்தம் முகத்தில்தான் தெரிய வேண்டுமென்றால் அவரும் நானும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று எவன் நம்புவான்? ஓகோக்கில் பழமாகத் தெரிவது வெறும் வேஷம், உண்மையில் அது பைன் விதையைப் போல வெறும் விதைதான் என்று சொல்ல வாயெடுத்தேன், யார் கேட்டார்கள்.

மரங்களை எல்லாம் வெட்டி, இடத்தைக் கால்பந்து மைதானமாகப் பெருக்கி, முந்நூறு தண்டு நட்டு, முன்னால் தன் பெயர் எழுதிய பலகையும் நட்டார். இரண்டு வாரத்தில் வெயில் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. இப்போது அங்கே திடமாக நிற்பது பலகை ஒன்றுதான்.

போன ஞாயிறு பூசை முடிந்து என் வாசலுக்கு வந்தார். உன் பெயரில் நான் எழுதி வைத்த காட்டுத்துண்டிலிருந்து தண்டு வேண்டுமாம், தோட்டம் போட அந்த இடமும் வேண்டுமாம். "புள்ள உன்னை மாதிரி இல்லடா, கேட்டா குடுத்துடுவா" என்றார். உனக்கும் எழுதியிருப்பார். அந்த மரங்களும் விழுந்தால் ஊரில் வேறு ஓகோக் கிடையாது. இலை நறுக்கி விற்கும் பன்னிரண்டு பெண்களுக்கு அது ஒன்றுதான் பிழைப்பு, அன்று அவர்களும் சிரித்தார்கள், போகட்டும்.

ஆகவே வெறுமனே மாட்டேன் என்று எழுதாதே. தண்டு மட்டும் தருகிறேன், இடம் தரமாட்டேன், ஒரு மரத்திலும் கத்தி படக்கூடாது, வேறெங்கு நட்டாலும் அப்பா காட்டும் மரத்தடியில்தான் நட வேண்டும் என்று எழுது. அதைச் சங்கக் கூட்டத்தில் தலைவரே உரக்கப் படித்தால்தான் தண்டு என்றும் எழுது.

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும், அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கடிதம் மூன்று பக்கத்துக்குக் குறைய வேண்டாம். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். பாதியில் யாரும் எழுந்து போகாதபடி நான் வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் அப்பா,
அயிஸ்ஸி